கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 'லிஃப்ட்' என்ற சொல் யார் காதிலும் விழுவதில்லை. 'இன்ஸ்பெக்டர்' மட்டும்தான் விழும். எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வரும் காவலாளிகள் முதல் வாரம் முழுக்க அவருக்கு சல்யூட் அடிப்பார்கள். அவரும் திருத்த மாட்டார். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாது.

நான்கு மாடி, இருபத்துநான்கு வீடு, ஒரு லிஃப்ட், ஒரு கேட். நாங்கள் இரண்டாவது மாடி. எங்களுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில், அவருடைய தங்கை. ஐம்பத்திரண்டு வயதாகிறது, இவருக்கு இன்னும் 'குட்டி'தான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நாத்தனார் தலைக்கு மேலேயே குடியிருக்கிறாள் என்று என் அலுவலகத்தில் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால், இவரோடு சண்டை போட்டால் நான் ஏறிப்போகும் வீடு அதுதான்.

குட்டிக்குத் தொழில், பல் செய்வது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் பல் செய்யும் கூடம் ஒன்றில் உட்கார்ந்து மெழுகில் பல்லைச் செதுக்குவாள். அதற்கென்று ஒரு சின்னக் கத்தி இருக்கிறது, தீக்குச்சி அளவு தடிமன்தான். கடைவாய்ப் பல்லின் மேலே இருக்கும் பள்ளங்களை அந்தக் கத்தியால்தான் போடுவாள். ஊரில் எத்தனையோ பேர் அவள் செதுக்கிய பல்லால் மென்றுகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

ஊரடங்குக்கு ஆறு வாரம் முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. காலும் பேச்சும் பத்தே நாளில் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் வரவில்லை. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: முதல் மூன்று மாதம்தான் கை வேகமாகத் திரும்பும், ஆறு மாதம் வரை ஓரளவு வரும், அதற்குப் பிறகு வந்ததைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான். தினமும் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர ஆரம்பித்தாள். சின்னப் பெண். பெயரெல்லாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, குடியிருப்பு முழுக்க 'பிசியோ பொண்ணு'. பயங்கரக் கண்டிப்பு. குட்டி 'அம்மா' என்று கத்தினால், "கத்துங்க ஆன்ட்டி, கத்தினா நல்லது" என்பாள்.

அவளுடைய குறி ஒன்றே ஒன்றுதான். கட்டைவிரல் நுனி வந்து ஆள்காட்டி விரல் நுனியைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் கத்தியைப் பிடிக்கலாம், கத்தியைப் பிடித்தால் வேலைக்குப் போகலாம்.

இவர் சும்மா இருப்பாரா? வேலையிலிருந்து ஓய்வு பெற்று வரும்போது கொண்டுவந்த வெர்னியர் அளவி ஒன்று இருக்கிறது. லிஃப்ட் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கான கருவி. அதை எடுத்துக்கொண்டு தினமும் காலை பத்து மணிக்கு மேலே போய், தங்கை இரண்டு விரலையும் முடிந்தவரை சேர்க்கும்போது நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து ஒரு நோட்டில் எழுதினார். விரலே அசையாமல் இருந்த கை, ஊரடங்கு அறிவித்த அன்று இருபத்திரண்டு மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. "இன்னும் ஒரு கட்டைவிரல் அகலம்தான் குட்டி," என்று அன்று அவர் துள்ளினார்.

அன்று மாலையே விதிகள் எழுத உட்கார்ந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எவரும் போட்டியிடாத பதவி. பதினோரு விதி. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடமாக அதுதான் என் பிழைப்பு. அந்த வகையில் இந்தக் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்காவது விதி: வெளியாட்கள் யாரும் உள்ளே வரக் கூடாது, பிளம்பர், எலக்ட்ரீஷியன், லிஃப்ட் மெக்கானிக் தவிர. பழைய மழைக்கால அறிவிப்பில் இருந்த பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டார், நானும் அப்படியே தட்டினேன். மேலே ஒரு கை பாதியில் நிற்கிறதே என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்று வாரம்தானே என்று நினைத்தோம். ஏழாவது விதி: ஆம்புலன்ஸ் வந்தால் அது போகும்வரை எல்லா வீட்டுக் கதவும் மூடியிருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. தரைத்தளத்தில் இருந்த கணக்கு வாத்தியாருக்கு. சாயங்காலமானால் லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் இவரோடு சதுரங்கம் ஆடுவார், தோற்றால் காய்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வணக்கம்கூடச் சொல்லாமல் போவார். எங்கிருந்து ஒட்டியதோ தெரியாது. மாத்திரை வாங்க ஒரு தரம் கடைக்குப் போனார், அவ்வளவுதான். ஒன்பது நாளில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

நான்காவது வாரம் அரசு கொஞ்சம் தளர்த்தியது. வீட்டுக்கு வந்து சிகிச்சை செய்கிறவர்கள் அனுமதிச் சீட்டோடு போகலாம் என்றார்கள். பிசியோ பொண்ணு அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள். "நாளைக்கு வரவா ஆன்ட்டி?"

"வேண்டாம்," என்றார் இவர், போனை என் கையிலிருந்து வாங்கி.

"கவர்மென்ட்டே சரின்னு சொல்லிடுச்சே அங்கிள்."

"கவர்மென்ட் ஆயிரம் சொல்லும். எட்டுப் பேர் ஏறுற லிஃப்டுக்கு எட்டுப் பேரைத் தாங்குற கயிறு போட்டா போதும்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேனா? பன்னெண்டு மடங்கு தாங்கணும். அப்பதான் போடுவேன். அவங்க மூணு வாரம்னா நமக்கு ஆறு வாரம்."

முப்பத்தொரு வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு லிஃப்டும் அறுந்து விழுந்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் என்ன வாதம் செய்வது? டிவியில் வேறு தினமும் இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர், ஊரையே மூடினால்தான் உயிர் தப்பும் என்பார். இன்னொருவர், இந்தக் காய்ச்சலுக்கு இவ்வளவு அமர்க்களமா என்பார். முதல் ஆள் பேசும்போது எனக்கு வாத்தியார் ஞாபகம் வரும். இரண்டாவது ஆள் பேசும்போது குட்டியின் கை ஞாபகம் வரும். நான் டிவியை அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

பயிற்சியைத் தானே செய்கிறேன் என்று இவர் ஏற்றுக்கொண்டார். மாடி விட்டு மாடி போகக் கூடாது என்ற விதியில் தனக்கு மட்டும் விலக்கு எழுதிக்கொண்டார். போனில் பிசியோ பொண்ணு சொல்லச் சொல்ல, தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டுவார். ஆனால் குட்டி முகத்தைச் சுளித்த மறு நொடியே விட்டுவிடுவார்.

"அங்கிள், இன்னும் அழுத்துங்க! அது வலிக்கிற இடத்துலதான் பிடிச்சிருக்கு!" என்று போனுக்குள்ளிருந்து அந்தப் பெண் கத்துவாள்.

"போதும்மா, இன்னைக்கு இவ்ளோ போதும்," என்பார்.

அந்தக் கை மெல்ல மெல்ல இறுகியது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. நோட்டில் எண் ஏறியது. இருபத்துமூன்று. இருபத்தாறு. இருபத்தெட்டு. இந்த நோட்டில் எண் குறைந்தால்தான் நல்லது. அவர் எதையும் மறைக்காமல் எழுதினார், எழுதிவிட்டு நோட்டைக் கவிழ்த்து வைத்தார். ஆறு வாரம் முடிந்ததும், "எதுக்கும் இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்," என்றார்.

ஏழாவது வாரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் குழாய் ஒழுகியது. பிளம்பர் ஜம்மென்று வந்தார். நான்காவது விதிப்படி காவலாளி கதவை அகலத் திறந்துவிட்டான். பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குட்டி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, நான் ஒரு குழாயா பொறந்திருக்கலாம். ஒழுகினா ஆள் வருது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, "எனக்கு இடது கையால செதுக்க வருமான்னு பாத்தேன் அண்ணி. மெழுகை வெட்டத்தான் வருது," என்றாள். அப்போது சிரிக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்மேல் பாதி, அந்த நான்காவது விதியைத் தட்டிய என் விரல்கள்மேல் பாதி. பிசியோ பொண்ணுக்குப் போன் போட்டேன். "பிளம்பர்னு சொல்லிட்டு வந்துடும்மா," என்றேன்.

"பொய் சொல்ல எனக்கு வராது ஆன்ட்டி," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "எங்கப்பாவோட பைப் ரிஞ்ச் ஒண்ணு வீட்ல கிடக்கு. அதைக் கையில பிடிச்சுட்டு வரேன். வாய் திறக்க மாட்டேன். பாக்கறவங்க என்ன நினைச்சுக்கிறாங்களோ அது அவங்க பாடு."

அப்படியே வந்தாள். மாஸ்க்கும் தொப்பியும், கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு ரிஞ்சும். இவர் மதியம் தூங்கும் நேரமாகப் பார்த்து வரச்சொன்னேன். மேலே குட்டி வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தாள். இரண்டு நாள் தப்பித்தோம்.

மூன்றாம் நாள் தரைத்தளத்து ஜன்னல் திறந்தது. வாத்தியாரம்மா. கணவர் போன நாளிலிருந்து தனியாகக் கிடந்தார், யாரோடும் பேச்சில்லை.

"பிளம்பரா நீங்க? நம்ம வீட்டு சிங்க் அடைச்சு நாலு நாளாச்சு. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. கொஞ்சம் பாத்துட்டுப் போறீங்களா?"

பிசியோ பொண்ணு அப்படியே நின்றுவிட்டாள். நான் மாடிப்படியில் நின்றுகொண்டு, 'ஆமாம்னு சொல்லேன்டி' என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"எனக்கு சிங்க் பாக்கத் தெரியாதும்மா," என்றாள்.

"அப்புறம் எதுக்கு ரிஞ்ச்?"

அந்தப் பெண் ரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வாத்தியாரம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். நான் படியேறி வீட்டுக்குள் நுழைந்தபோது இவர் போனைக் கையில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். "எத்தனை தடவை?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னைக்கு மூணாவது. ரெண்டு தடவைதான் கை பாத்தா."

எழுந்தார், மேசை டிராயரிலிருந்து அளவியை எடுத்தார், மேலே போனார். நானும் பின்னாலேயே போனேன். குட்டி கையை நீட்டினாள். எண் ஏற ஏற, தினமும் அளப்பதை வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆக்கியிருந்தார்; முந்தின வாரம் கடைசியாக எழுதியிருந்தது முப்பத்தொன்று. இப்போது அளவியைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபத்தொன்பது. நோட்டில் எழுதினார். அந்தப் பக்கத்தில் அத்தனை எண்ணும் ஏறிக்கொண்டே வந்து, அந்த ஒரு எண் மட்டும் இறங்கியிருந்தது. நோட்டை இந்தத் தடவை அவர் கவிழ்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம். கூட்டம் என்றால், அவரவர் மாடியில் அவரவர் வாசலில் மாஸ்க்கோடு நின்றுகொண்டு மாடிப்படி நடுவே இருக்கும் இடைவெளிக்குள் கத்துவதுதான். கீழே பேசினால் மேலே எதிரொலிக்கும்; பாதிப் பேச்சு 'என்ன, என்ன' என்பதிலேயே போகும்.

"விதியை மீறினது எங்க வீடு," என்று இவர் ஆரம்பித்தார். "யாரையும் சொல்லிக் குத்தமில்ல. நான் பொறுப்பு."

கீழேயிருந்து வாத்தியாரம்மாவின் குரல் வந்தது. சத்தம் போட்டுப் பேசவில்லை, இருந்தும் நான்கு மாடிக்கும் கேட்டது.

"கேட்டை ஒரு வாரம் முன்னாடி மூடியிருந்தா அவர் இருந்திருப்பாரோன்னு நான் நினைக்காத நாள் இல்ல. ஜுரமும் இல்லாத, இருமலும் இல்லாத ஒரு ஆள் கடையில பக்கத்துல நின்னிருப்பான், அவ்வளவுதான். உங்க வீட்டுக்கு ஒரு சட்டம், எங்க வீட்டுக்கு ஒரு சட்டமா?"

என்னால் தலை நிமிர முடியவில்லை. கை வேறு, உயிர் வேறு அல்லவா? அந்த அம்மாவுக்கு நான் செய்தது துரோகம்தான். ஆனால் குட்டி வாயில் கடித்திருந்த துண்டும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்போது மேலேயிருந்து குட்டி பேசினாள். "வாத்தியாரம்மா சொல்றதுல ஒரு தப்பும் இல்ல. என் கைக்காக யாரும் சாக வேண்டாம். ஆனா அண்ணா, ஒண்ணு கேக்கறேன். நீ எப்பவும் சொல்லுவியே, அந்த உசரமான கட்டிடம் பத்தி. அதை இவங்களுக்குச் சொல்லு."

இவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நூறு தடவை கேட்ட கதைதான். விருந்தாளி வந்தால் விடமாட்டார்.

"ரொம்ப உசரமான கட்டிடத்துக்கு," என்று மெதுவாகச் சொன்னார், "கயிறு அறுந்துடுமோன்னு தடியாக்கிட்டே போகக் கூடாது. கயிறும் கனம்தான். ஒரு அளவுக்கு மேல போனா, ஆளைத் தூக்கறதை விட்டுட்டு அது தன்னையே தூக்கிட்டு இருக்கும்."

நான்காவது மாடியில் ஒரு குழந்தை பந்தைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"வாத்தியார் போன அன்னைக்கு நான் பயந்துட்டேன்," என்றார் இவர். "அந்தப் பயத்துல தடியாக்கிட்டே போனேன். என் தங்கச்சி கை அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. லிஃப்ட்ல பழுதுன்னா லிஃப்டை நிறுத்துவோம், கட்டிடத்தையே மூட மாட்டோம். இது எனக்குத் தெரிஞ்ச வேலை. இதுலயே கோட்டை விட்டுட்டேன்."

பிறகு அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். அந்தப் பெண் தினமும் வருவாள். லிஃப்டைத் தொட மாட்டாள், முன்வாசல் வழியாக வர மாட்டாள். பின்பக்க இரும்புப் படியில் ஏறி நேராகக் குட்டியின் பின்கதவுக்குப் போவாள். அவள் வரும் காலம் முழுக்க எங்கள் இரண்டு வீடும் மற்ற யாரோடும் கலக்காது; லிஃப்டும் இல்லை, மொட்டைமாடியும் இல்லை, கடையும் இல்லை. சாமான் வாசலுக்கு வரும். ஆபத்து எங்களால் வருகிறது என்றால் அடைபடுவதும் நாங்களே.

"வாத்தியாரம்மா, நீங்க சரின்னு சொன்னாதான்," என்றார்.

"நான் சரின்னு சொல்ல மாட்டேன்," என்றார் அந்த அம்மா. "வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். என் வாசல் பக்கம் வர வேண்டாம், அவ்வளவுதான்." கதவு மூடியது.

மறுநாள் பிசியோ பொண்ணு இரும்புப் படியில் ஏறினாள். அதே காலை, நிஜமான பிளம்பரை வரவழைத்து வாத்தியாரம்மா வீட்டு சிங்க்கைச் சரிசெய்யச் சொன்னார் இவர். அந்த அம்மா அதற்கு நன்றி சொல்லவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து முதல் மாடி வங்கிக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் தினமும் வேலைக்குப் போய் நூறு பேரைப் பார்க்கிறவர். எங்கள் பின்படிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் தெரிந்தும், அவர் எழுந்து நடமாடும் வரை பத்து நாளும் என் காது முதல் மாடியிலேயே இருந்தது. பின்படியும் முன்படியும் ஒரே காற்றைத்தானே பங்கு போடுகின்றன என்று என்னென்னவோ தோன்றும். அவர் பிழைத்தார். குடியிருப்பில் வாத்தியாருக்குப் பிறகு வேறு யாரும் சாகவில்லை. மூடியதால்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூடியது வீண் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். அத்தனையும் தேவைதான் என்று சொன்னாலும் சண்டைக்குப் போவேன்.

குட்டியின் கை இறங்கி வந்தது. இருபத்தைந்து, பத்தொன்பது, பதினான்கு. வாரத்துக்கு ஒரு எண் என்று வந்த வேகம் பிறகு மாதத்துக்கு ஒன்று என்றானது. ஆறு மில்லிமீட்டரில் நின்றது. ஆறில் நின்றது நின்றதுதான். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான எதையும் அவளால் பிடிக்க முடியும்: டீ கப்பின் காது, துடைப்பம், கதவுப் பிடி. அந்தச் சின்னக் கத்தியை முடியாது. துணி சுற்றித் தடியாக்கிப் பார்த்தாள், சுற்றினால் கத்தியின் நுனி எங்கே போகிறது என்று விரலுக்குத் தெரிவதில்லை. கூடத்தில் அவளுக்குப் பற்களைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் செதுக்கிய பல்லைப் பார்த்து, 'இது கடிக்காது, திருப்பி அனுப்பு' என்பாள்.

பிசியோ பொண்ணு கடைசியாக வந்த அன்று இவர் அவளிடம் கேட்டார். "நாலாவது வாரத்துலயே நான் உன்னை விட்டிருந்தா, தொட்டிருக்குமா?"

"தெரியாது அங்கிள்," என்றாள். பொய் சொல்ல வராத பெண். "சில பேருக்கு எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிச்சாலும் பாதியில நிக்கும்."

அன்று மத்தியானம் முழுக்க அவர் அந்த நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். அளந்தே வாழ்ந்த மனுஷன், அளக்க முடியாத ஒன்றோடு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. இரண்டு நாள் அவரை நான் எதற்கும் கிண்டல் செய்யவில்லை.

அடுத்த வருடம் மறுபடி ஊரடங்கு வந்தது. நான் கணினியைத் திறந்து பழைய பதினோரு விதிகளை எடுத்தேன். "அது வேண்டாம்," என்றார். வெறும் தாளில் இருபத்துநான்கு வீட்டு எண்ணையும் எழுதச் சொன்னார். மேலே ஒரே ஒரு கேள்வி: மூடினால் உங்கள் வீட்டில் எது நின்றுபோகும்?

அந்தத் தாளையும் ஒரு தடி ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வாசலுக்கு வெளியே நின்று கேட்டார். நானும் கூடவே போனேன். முதலில் தரைத்தளம். வாத்தியாரம்மா கதவைத் திறந்தார். கேள்வியைக் கேட்டதும் கதவில் சாய்ந்துகொண்டார்.

"ஆம்புலன்ஸ் வந்தா கதவை மூடணும்ங்கற ஏழாவது விதியை எடுத்துடுங்க," என்றார். "அன்னைக்கு அவர் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனார். ஒரு கதவாவது திறந்திருக்கும்னு நினைச்சிருப்பார். வாசல்ல நின்னு கையாட்டினா யாருக்கும் ஒட்டிடாது."

இவர் எழுதினார். "நான் ஜன்னல் திரைக்குப் பின்னாலதான் நின்னேன்," என்றார். "எனக்குத் தெரியும்," என்றார் அந்த அம்மா.

மற்ற வீடுகளில் ஒருவருக்கு ரத்தப் பரிசோதனை, ஒருவருக்கு வேலைக்காரியின் சம்பளம், ஒரு பிள்ளைக்குப் பரீட்சை. தாள் நிறைந்துகொண்டே வந்தது. குட்டி வீட்டைக் கடைசியாக வைத்திருந்தார். வாசலில் நின்று கேள்வியைக் கேட்டார். சட்டைப்பையில் அளவி இருந்தது, பழக்கதோஷம்.

குட்டி அவரைப் பார்த்தாள். "எனக்கு நிக்க வேண்டியது போன தடவையே நின்னாச்சு, அண்ணா. இனிமே நிக்கறதுக்கு என்ன இருக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். இவர் தாளைப் பிடித்தபடியே நின்றார், மூடி திறந்த பேனா காய்ந்துகொண்டிருந்தது.

அவள் வலது கையை நீட்டி அந்தப் பேனாவை வாங்கினாள். தடி பேனா, பிடிபட்டது. தாளைக் கதவில் வைத்து இடது முழங்கையால் அழுத்திக்கொண்டு, தன் வீட்டு எண்ணுக்கு எதிரே எழுத ஆரம்பித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்து, கட்டத்தைவிட்டுப் பக்கத்து வீட்டுக் கட்டத்துக்குள் போயிற்று. எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம்.

'அண்ணன். தினமும் பத்து மணி. அளவி வேண்டாம்.'

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் படியேறிப் போனார். அளவி எங்கள் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. மேசையைத் துடைக்கும்போது அதையும் தூக்கித் துடைத்து அங்கேயே வைக்கிறேன்.